தேனிற் பாதி

மலைப்பாறையின் இடுக்கிலே தட்டையான கல்லொன்றை மெல்ல அகற்றி, உள்ளே தொங்கும் தேனடையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடியும் கல்லால் மூடிவிடுகிறார் ஒரு பெண். பாதி எனக்கு, பாதி உங்களுக்கு என்பதே தேனீக்களுடன் அவர் செய்துகொண்ட உடன்படிக்கை. 'ஹனிலாண்ட்' என்னும் விவரணப்படத்தைக் கண்டோர் இவ்வுடன்படிக்கையை எளிதில் மறப்பதில்லை. நாமும் மறக்கவில்லை. ஆயின், படம் பார்த்து நாட்கள் பல சென்ற பின்னர், அப்பெண்ணைக் காட்டிலும் அவரைப் படம்பிடித்தோரையும், பார்த்து நெகிழ்ந்த எம்மையும் பற்றிய வினாவே எமது மனத்தை அதிகமாக உறுத்தலாயிற்று. தேனீயிடமிருந்து பாதியை மட்டுமே எடுக்கலாம் என்பது அப்பெண்ணின் அறம். அப்பெண்ணிடமிருந்து கலைஞன் எவ்வளவு எடுக்கலாம்?

படத்தை அறியாதவர்களுக்காகச் சில விவரங்களைக் கூறவேண்டும். வட மசிடோனியாவின் மலைப்பகுதியிலே, மக்கள் கைவிட்டுச் சென்ற பெகிர்லியா என்னும் சிற்றூரில், துருக்கி மொழி பேசும் ஹதீஜே முரதோவா தம் தாயுடன் தனித்து வாழ்ந்தார். தாய்க்கு வயது 85. பார்வை குன்றிப் படுக்கையிலேயே கிடந்தார். ஊருக்கு ஒழுங்கான வீதியில்லை, மின்சாரமில்லை, குழாய்நீரில்லை. அப்பிரதேசத்தின் இயற்கைப் பாதுகாப்பைப்பற்றிய குறும்படம் ஒன்றைத் தயாரிக்கும் பொருட்டே தமாரா கொத்தெவ்ஸ்கா, லுபோமிர் ஸ்தெபானொவ் என்னும் இரு நெறியாளரும் அங்கே சென்றனர். சென்ற இடத்தில் ஹதீஜேயைக் கண்டனர், குறும்படம் நெடும்படமாயிற்று. மூன்று ஆண்டுகள் வந்துபோய், ஏறத்தாழ 400 மணி நேரக் காட்சிகளைப் பதிவுசெய்தனர். 2019 இல் வெளியான இப்படம், 2020 இல் ஒஸ்கார் பரிசுக்குச் சிறந்த விவரணப்படம், சிறந்த பிறநாட்டுப்படம் என்னும் இரு பிரிவுகளிலும் ஒருங்கே நியமனம் பெற்ற முதற்படம் என்னும் பெருமையைப் பெற்றது.

பெருமை ஒருபுறமிருக்க, நகரத்து அரங்குகளில் அமர்ந்து இப்படத்தை வியந்தோர் எதை வியந்தனர்? நாகரிகம் தீண்டாத தூய வாழ்வு என்றனர். விளக்கொளியில் தாயும் மகளும் உரையாடும் காட்சிகள் பழைய ஓவியங்களைப் போன்றன என்றனர். உண்மைதான், அக்காட்சிகள் அழகானவை. ஆனால் அவ்வழகின் மூலகாரணம் அவ்வீட்டில் மின்விளக்கு இல்லாமையே என்பதை எத்தனை பேர் எண்ணிப்பார்த்தனர்? மின்விசிறியின் கீழிருந்து இருளின் கவர்ச்சியை மெச்சுவது எளிது. ஹதீஜேயோ அத்தகைய தூய்மையை விரும்பி நோற்றவரல்லர். தேனை விற்கத் தலைநகராகிய ஸ்கொப்யேக்குச் செல்லும் அவர், சந்தையிலே பேரம் பேசுகிறார். தாய்க்கு வாழைப்பழமும் தமக்குத் தலைமயிர்ச் சாயமும் வாங்கித் திரும்புகிறார். மலைமீது கம்பி நட்டு வானொலிப் பாட்டைப் பிடிக்க முயல்கிறார். தம்மைப் பெண்கேட்டு வந்தோரை ஏன் திருப்பியனுப்பினீர்கள் என்று தாயிடம் வினவுகிறார். இயற்கையோடு இசைந்த முனிவராக அவரைக் காண விழைவோர், இந்தச் சாயப் பெட்டியையும் இக்கேள்வியையும் எங்கே வைப்பர்? நெறியாளர்கள் இவற்றை வெட்டியெறியாது வைத்தமையே, எமது அபிப்பிராயத்தில், இப்படத்தின் நேர்மைக்கு முதற்சான்று.

இன்னொன்றும் உண்டு. பாதி என்னும் விதியை ஆன்மிக உபதேசமாகக் கொள்வது தவறு. அது உழைப்பிற் பிறந்த அறிவு. மாரிகாலத்தில் பூவில்லை, சேமித்த தேனே தேனீக்களின் உணவு. முழுவதையும் எடுப்பவன் அடுத்த ஆண்டின் தேனையும் சேர்த்து எடுத்துவிடுகிறான். ஹதீஜேக்கு இது தெரியும். அயலிலே மாடுகளோடும் ஏழு பிள்ளைகளோடும் வந்து குடியேறிய ஹுசேனுக்கும் அவர் இதைத் தாமாகவே சொல்லிக்கொடுத்தார். ஹுசேன் கேளாமலில்லை. எனினும், தேனை மொத்தமாக வாங்கும் வியாபாரி ஒருவன் வந்து இன்னும் வேண்டும், இப்போதே வேண்டும் என்கிறான். ஹுசேன் பெட்டிகளை ஒட்ட வழித்தெடுக்கிறான். பசித்த அவனது தேனீக்கள் ஹதீஜேயின் கூடுகளைக் கொள்ளையிட்டுக் கொன்றுவிடுகின்றன.

பார்வையாளர் பலருடைய கோபம் ஹுசேன்மீதே பாய்ந்தது. பேராசைக்காரன் என்றனர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஏழு வாய்களுக்குச் சோறிட வேண்டிய ஒருவனை, ஒரு தாயை மாத்திரம் பேணும் ஒருவரோடு நிறுத்துப்பார்த்து, இவர் நல்லவர், அவன் தீயவன் என்று தீர்ப்பளிப்பது யாருக்கு வசதியான நீதி? அவனுடைய மகனே தந்தையை எதிர்த்து ஹதீஜேயின் பக்கம் நின்று வாதாடுகிறான். ஆகவே ஹுசேனைக் குற்றமற்றவன் என்றும் நாம் கூறோம். ஆனால் பாதி விதியை முறித்தது ஒருவனது குணக்கேடு மட்டுமன்று. தேனீ எவ்வளவு தரமுடியும் என்று கேட்காது, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்கும் சந்தையின் ஒழுங்கு அந்த வியாபாரியின் உருவில் மலையேறி வந்தது. திரையிலே அவன் தோன்றுவது சொற்பநேரமே. தேனை முடிவில் வாங்கியுண்போர் தோன்றுவதேயில்லை.

இனி, கமராவின் பங்குக்கு வருவோம். இத்துறையின் தந்தையெனப் போற்றப்படுபவர் றொபேட் பிளாகேட்டி. 1922 இல் வெளியான அவரது 'நனூக் ஒவ் த நோர்த்' கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் வாழும் இனுவிற் மக்களைப் பற்றியது. செலவை ஏற்றது றெவியோன் என்னும் பிரெஞ்சு உரோம வர்த்தக நிறுவனம். நனூக்காகத் தோன்றியவரின் உண்மைப் பெயர் அல்லகரியல்லக். அக்காலத்தில் அம்மக்கள் துப்பாக்கியால் வேட்டையாடத் தொடங்கிவிட்டனர். படத்திலோ ஈட்டி ஏந்தவேண்டியிருந்தது. பனிவீட்டின் உட்புறத்தைப் படமாக்க, ஒளி வேண்டி ஒரு பக்கம் திறந்த அரைவீடு கட்டப்பட்டது. உரோமத்தைப் பிடித்துக் கொடுத்த மக்களுக்கும் உரோமக் கம்பனிக்கும் இடையிலிருந்த கணக்குவழக்கு என்னவென்று படம் கேட்கவில்லை. பனியோடும் பசியோடும் போராடும் மனிதன் என்ற காவியம் மட்டும் எஞ்சிற்று. படப்பிடிப்பின்பின் சில ஆண்டுகளுக்குள் அல்லகரியல்லக் இறந்தார். படம் இன்றும் ஓடுகிறது. 1934 இல் அயர்லாந்தின் மேற்கிலுள்ள தீவுகளில் எடுத்த 'மான் ஒவ் அறன்' படத்துக்காக, அங்கு எப்போதோ வழக்கொழிந்துபோன சுறாவேட்டையைத் தீவினருக்கு மீண்டும் பழக்கவேண்டியிருந்தது. இயற்கையே பகையென்று காட்டிய அப்படத்தில் நிலப்பிரபுவைக் காணோமென அக்காலத்திலேயே கண்டித்தோருளர்.

அதே 1934 ஆம் ஆண்டுப் படமொன்று எமது நாட்டையும் தொட்டது. பசில் றைட்டின் 'சோங் ஒவ் சிலோன்' இன்றும் உலகத் திரைப்பட வரலாறுகளில் இடம்பெறுவது. றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் வாசகங்களை லயனல் வென்ட் படிக்க, குளமும் வயலும் மலையும் கண்முன் விரிகின்றன. பணம் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையினது. தேயிலை கொய்யும் காட்சிகளும் உண்டு. உலகச் சந்தையின் விலைக்குரல்கள் பின்னணியில் ஒலிக்கும் பகுதியும் உண்டு. அவ்வொலிக்கோவையில் மறைமுகமான கண்டனம் இருப்பதாகக் கருதுவோரை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொழுந்து பறித்த கைகளுக்கு அதிற் குரலில்லை. பதினான்கு ஆண்டுகளின் பின், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அழகிய கைகள் படத்தில் இருந்தன, பட்டியலில் இல்லை.

கம்பனியின் பணமும் சபையின் பணமும் இல்லாத சுயாதீனப் படம் இக்குறைகளிலிருந்து தானாகவே விடுபட்டுவிடுமா? விடுபட வாய்ப்புண்டு என்பதே எமது விடை, உறுதியில்லை. 'ஹனிலாண்ட்' குழுவினர் ஹதீஜேயை ஈட்டி ஏந்தச் சொல்லவில்லை. காலம் செலவழித்தனர், காத்திருந்தனர். துருக்கி மொழி அறியாத அவர்கள், பேச்சின் பொருளை முழுதும் அறியுமுன் காட்சிகளைக் கொண்டே படத்தை முதலில் தொகுத்தனராம். இதைக் கண்ணின் பொறுமையென்று புகழலாம். ஒரு பெண் தன் தாயின் படுக்கையருகே பேசியதைப் புரியாமலேயே பதிவுசெய்துகொண்டு போனார்கள் என்றும் சொல்லலாம். எமக்கு இரண்டும் உண்மையாகவே படுகின்றன. தாயின் மரணமும் மகளின் ஓலமும்கூடப் படத்திலிருக்கின்றன. அவ்வேளையில் கமராவை மூடிவைத்திருக்க வேண்டாமா என்று நாம் எம்மையே கேட்டோம். மூடியிருந்தால் ஹதீஜேயின் தனிமையின் கனத்தை நாம் அறிந்திருக்கமாட்டோம் என்பதும் தெரிகிறது.

படம் புகழ்பெற்ற பின், குழுவினர் அயலூரில் ஹதீஜேக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தனர். ஹுசேன் குடும்பத்துக்கும் உதவும்பொருட்டு நிதி திரட்டினர். பழைய விவரணப்பட வரலாற்றை நோக்க இது அரிய செயல். ஹுசேனையும் மறவாதது அதனினும் நன்று. தாம் படத்திற் காட்டிய வில்லனை அவர்களே வில்லனாகக் கொள்ளவில்லை. ஆயினும் வீடு நன்கொடை, பங்கு அன்று. தேனீக்கு ஹதீஜே விட்டுவைத்தது தேனீயின் தேனை. அதற்கு அவர் நன்றி எதிர்பார்க்கவில்லை. தன் வாழ்க்கையைத் தந்தவருக்கு அதன் பயனிற் பாதி உரிமையாக வரவேண்டுமென்ற விதி இத்துறையில் இன்னும் ஊன்றவில்லை. கலைஞனின் நல்மனத்திலேயே அது தொங்குகிறது. நல்மனம் வாய்க்காத இடத்தில் அல்லகரியல்லக்கின் கதிதான்.

இப்படத்தை மாணவருக்குக் காட்ட எண்ணும் ஆசிரியர்கள், தேனடைக் காட்சியோடு நிறுத்திவிடாது, வியாபாரி திரையில் தோன்றும் நிமிடங்களைக் குறித்துவரச் சொல்லலாம். பிறகு, அவனிடம் தேனை வாங்கியவர் யாராயிருக்கலாமென்று வகுப்பைக் கேட்கலாம்.