தகுதியின் அளவுகோல்

2020 முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த இலங்கையில், அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் அரசு ஒரு சலுகையை அறிவித்தது. வெளிநாட்டில் உழைப்போர் அவ்வாண்டு மே முதல் டிசம்பர் வரை வங்கி வழியாக அனுப்பும் பணத்தில் அரைப்பங்கு பெறுமதிக்கு மின்வாகனம் தருவிக்கலாம். காருக்கு ஆகக்குறைந்தது 20,000 டொலரும் இருசக்கர வண்டிக்கு 3,000 டொலரும் அனுப்பியிருத்தல் வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலிருந்தும் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு சென்றோர் பலர். அவர்களுள் ஒருத்தி மாதந்தோறும் 200 டொலர் அனுப்பினாள் எனக் கொள்வோம். எட்டு மாதத்தில் 1,600. கார் கிடக்கட்டும், ஸ்கூட்டருக்கும் அவள் தகுதியற்றவள்!

இது பரிசன்று, பண்டமாற்றே என்பர். அவ்வாதம் வலிதே, வெறுமையுற்ற திறைசேரிக்கு வேண்டியது டொலர், தியாகக் கணக்கன்று. ஆயின் சலுகை என்னுஞ் சொல்லில் நன்றியும் கலந்துள்ளதன்றோ? நன்றியை அளப்பது அனுப்பிய தொகையா, அன்றி அனுப்பியபின் தனக்கென எஞ்சிய தொகையா? உழைத்ததில் பெரும்பகுதியை அனுப்பியவளையும் சிறுபகுதியை அனுப்பிய உயர் உத்தியோகத்தரையும் ஒரே வரம்பு அளந்தது. ஊதிய விகிதப்படி வரம்பை வகுத்திருப்பினும் அவளாற் கார் வாங்க இயலாதுதான். தகுதியற்றவள் என்ற பெயரேனும் அவளுக்கு வந்திராது.