ஈயத்தில் மிஞ்சிய பெயர்

காரைக்கால் கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள். தரங்கம்பாடியைத் தாண்டினால் பூம்புகார். அங்கே கடலடியில், சுமார் 20 மீட்டர் ஆழத்தில், ஒரு பாய்மரக் கப்பல் சிதைந்து கிடக்கிறது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் முக்குளித்து எடுத்த ஈயக் கட்டிகளில் ‘டபிள்யூ பிளாக்கெட்’ என்ற ஆங்கிலேயப் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. இருநூறு வருஷ உப்புநீரிலும் எழுத்து அழியவில்லை!

மரம் அப்படியல்ல, கடற்புழு அரித்துவிடும். நன்னீர் ஏரியில் அந்தப் புழு கிடையாது. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 1912-இல் மூழ்கிய ‘ரவுஸ் சிம்மன்ஸ்’ பாய்மரக் கப்பலை 1971-இல் கண்டுபிடித்தபோது, அது ஏற்றிவந்த கிறிஸ்துமஸ் மரங்கள் உள்ளேயே இருந்தன.

நமக்கு மிஞ்சுவது உலோகமும் மண்பாண்டமும்தான். மீனவச் சொந்தங்களே, வலையில் அப்படி ஏதும் சிக்கினால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தொல்லியல் துறையிடம் காட்டுங்கள்.