நத்தானியேலின் கேள்வி



அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். மெசியாவைக் கண்டுகொண்டோம், அவர் நாசரேத்தூர் சேசு என்று பிலிப்பு வந்து சொன்னபோது, நத்தானியேலுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த ஊரிலிருந்து நல்லது ஏதும் வருமோ என்ற சந்தேகந்தான் வந்தது. அவர் கெட்டவரல்ல, கபடற்றவர் என்று நமதாண்டவரே அவரைப் புகழ்ந்தார். அப்படிப்பட்ட உத்தமருடைய மனதிலும், ஓர் ஊரார் அனைவரையும் ஒரே மூட்டையாய்க் கட்டித் தள்ளிவிடும் எண்ணம் ஒளிந்திருந்தது. ஆளைக் காணுமுன்பே ஆளைத் தீர்மானித்துவிடும் இந்தத் தப்பெண்ணத்தை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் நம் பிள்ளைகளுக்கு எப்படி உணர்த்துவது என்று இவ்வாரம் சிந்திப்போம்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று எண்ணவேண்டாம். 1940-ம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதிகள் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். இருவரும் மனோதத்துவம் பயின்றவர்கள். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மைகளையும் பழுப்புநிறப் பொம்மைகளையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னைப் போலிருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டன. இந்தப் பாடத்தை அவர்களுக்கு நடத்திய ஆசிரியர் யார்? ஒருவருமில்லை. தெருவும் கடையும் பெரியவர்களின் பேச்சுமே ஆசிரியர்கள். பள்ளிகளில் நிறவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆராய்ச்சியும் அத்தீர்ப்பில் குறிப்பிடப்பட்டது.

ஒருவரும் கற்றுக்கொடாமலே படிந்துவிட்டதை, கற்றுக்கொடுத்துத்தான் போக்கவேண்டும். எப்படி? பிலிப்பு தம் நண்பரோடு தர்க்கம் செய்யவில்லை; நேரில் வந்து பார்க்கும்படி அழைத்துச் சென்றார். செயிண்ட் லூயிஸ் நகர அதிமேற்றிராணியார் ஜோசப் ரிட்டர் ஆண்டகை செய்ததும் அதுவே. 1947-ல், நீதிமன்றத் தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, தம் மேற்றிராசனத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கவேண்டுமென்று கட்டளையிட்டார். வெள்ளையரான பெற்றோர் பலர் கூடி வழக்குத் தொடுக்க எத்தனித்தார்கள். அவர்களும் பூசை காண்கிறவர்கள், ஜெபமாலை சொல்லுகிறவர்கள்தான். அதிமேற்றிராணியாரோ திருச்சபைக்குப் புறம்பாக்கப்படும் தண்டனையைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார், வழக்கு கைவிடப்பட்டது. ஒரே பலகையில் அமர்ந்த பிள்ளைகளுக்கு, அடுத்திருப்பவன் இனி 'அவர்களில் ஒருவன்' அல்ல, பெயருள்ள தோழன்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? 1959-ல் மார்ட்டின் லூதர் கிங் நம் தேசத்துக்கு வந்து திருவனந்தபுரம் வரை சென்றார். அங்கே, தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் படித்த ஒரு உயர்நிலைப் பள்ளியில் அவரைப் பேச அழைத்தார்கள். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டாதார் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினாராம். கேட்ட கணத்தில் திடுக்கிட்டு வருந்தியதையும், பிறகு தம் மக்களின் நிலையை எண்ணி, ஆம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதையும் 1965-ல் அட்லாண்டாவில் செய்த பிரசங்கத்தில் அவரே சொன்னார். அங்கே நிறம், இங்கே சாதி; நோய் ஒன்றுதான். அதே 1965-ம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், இனம், நிறம் முதலியவற்றால் மனிதரை ஒதுக்குவது கிறிஸ்துவின் மனதுக்கு விரோதமென்று கண்டித்தது.

பெற்றோர்களே, பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளை 'ஏன்?' என்று கேட்கத் தொடங்குகிறது. அதுவே தக்க சமயம். "அந்தத் தெருப் பையன்களெல்லாம் இப்படித்தான்" என்று உங்கள் மகன் சொன்னால், உடனே அதட்டாதிருங்கள். "எல்லாரும் என்றாயே, அவர்களில் எத்தனை பேரை உனக்குத் தெரியும்? பெயர் சொல்லு, பார்ப்போம்" என்று அமைதியாய்க் கேளுங்கள். அவன் யோசிப்பான். உங்கள் நாவையும் காத்துக்கொள்ளுங்கள். கறுப்பாயிருந்தாலும் களையாயிருக்கிறாள் என்று பெண் பார்த்துவிட்டு வந்து பேசுகிறோமே, அந்த 'ஆலும்' என்ற மூன்றெழுத்து கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் மகளின் நெஞ்சில் தைக்காதா? உங்கள் பிள்ளையின் தோழன் எந்தத் தெருவானாலும் வீட்டுக்குள் அழைத்து, நீங்கள் குடிக்கும் தம்ளரிலேயே அவனுக்கும் காப்பி கொடுங்கள். ஞானோபதேச வகுப்பில் பத்து நாள் சொல்வதை அந்த ஒரு தம்ளர் சொல்லிவிடும். ஒரே பீடத்தில் தேவநற்கருணை வாங்கிவிட்டு, கோவில் வாசலைத் தாண்டியதும் சாதிவாரியாய்ப் பிரிந்து நிற்போமாகில், நம் பிள்ளைகள் நம் பிரசங்கத்தையல்ல, நம் நிற்கையையே கற்றுக்கொள்வார்கள்.

நத்தானியேல் தம் சந்தேகத்தோடேயாவது எழுந்து போனார். போனதால் சர்வேசுரனுடைய குமாரனைக் கண்டார். போகாதிருந்தால் நாசரேத்தூருக்கு ஒரு நஷ்டமுமில்லை. அத்திமரத்தடியிலேயே இருந்துகொண்டு இரட்சகரை இழந்திருப்பவர் அவரே. நம் பிள்ளைகளுக்கு அந்த நஷ்டம் வராதபடி ஆண்டவர் காப்பாராக.

உங்கள் பங்குக் குரு