தரித்த பெயர்

பெயர் என்பது பிறர் நம்மை அழைப்பதற்கு ஏற்பட்ட ஒலி மட்டுமேயாயின், அதனைக் குறித்து ஆராய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளும் சமயம் ஒருவனுக்கு வாய்க்குமாயின், அப்பெயர் ஒலியளவில் நிற்பதில்லை, கொடுத்த வாக்காகிவிடுகின்றது. கத்தோலிக்கர் உறுதிப்பூசுதலின்போது அர்ச்சியசிஷ்டர் ஒருவரின் பெயரைத் தரித்துக்கொள்ளும் வழக்கம் அத்தகையது.

அம்பாங், புடு, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுள், தோட்டத்தை விட்டு நகரம் வந்தவை பல. இவ்வீடுகளின் பிள்ளைகள் மேற்றிராணியார் முன் நின்று நெற்றியில் பரிசுத்த தைலம் பூசப்பெறும் நாள் நெருங்குங்கால், "எந்தப் பெயர்?" என்னும் வினா எழுகின்றது. பாட்டியார்க்கு ஒரு பெயரில் விருப்பம், ஞானத்தந்தைக்கு மற்றொன்றில். பிள்ளைக்கோ செவிக்கு இனிய ஐரோப்பியப் பெயர் வேண்டும்.

முதலில் ஒன்று தெளிதல் வேண்டும். புதுப்பெயர் தரித்தே தீரவேண்டும் என்பது திருச்சபைச் சட்டமன்று, வழக்கமேயாம். 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானப் பெயர் குறித்துங்கூட, கிறிஸ்தவ உணர்வுக்கு மாறான பெயரை இடலாகாது என்னும் அளவிலேயே நிற்கின்றது. ஆகவே இப்பெயர் விரும்பி ஏற்பது. விரும்பி ஏற்பதனாலேயே பொறுப்பும் மிகுகின்றது. குழந்தைக்கு இட்ட பெயருக்குப் பெற்றோர் பொறுப்பாளிகள். அறிவறிந்த பருவத்தில் தரித்த பெயருக்குத் தரித்தவரே பொறுப்பாளி.

இதற்குச் சான்று தேடி நாம் ஐரோப்பா செல்ல வேண்டுவதில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712 இல் பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் கீழ் அலுவல் பார்த்தவர். 1741 ஆம் ஆண்டுக் குளச்சற் போரில் சிறைப்பட்டு, பின் அம்மன்னரிடமே பணியேற்ற டச்சுத் தளபதி டி லனாய் வாயிலாக அவர் கிறிஸ்து நெறியை அறிந்தார். 1745 இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமாகிய தேவசகாயம் என்பதைத் தரித்தார். அவர்தம் மனைவியார் பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார்.

தேவசகாயம் என்பதன் பொருள் கடவுளின் துணை. அப்பெயர் தரித்தவர்க்கு வந்தது யாது? சாதி வேற்றுமை பாராது எல்லாருடனும் கலந்து பழகியவர், அரச துரோகி எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். எருமை மீதேற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். துன்பத்தை விலக்கும் தாயத்தாக அவர் பெயர் பயன்படவில்லை. துன்பத்தினூடே நிலைகுலையாது நிற்பதற்கே பயன்பட்டது. பெயரைக் காப்பாக எண்ணிப் பிள்ளைக்குச் சூட்டும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.

நிற்க. அப்பெயரின் பின்னே ஒரு வால் நெடுங்காலம் தொங்கிற்று. 2012 இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோதும் 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டம் உடனிருந்தது. சாதியைத் துறந்தவரைச் சாதியால் அழைப்பது தகுமோ எனச் சிலர் வினவினர். அதன் பின்னரே அப்பட்டம் நீக்கப்பட்டு, 2022 மே 15 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவரைத் தேவசகாயம் என்றே அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தார். 1929 இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடுமாறு கேட்டதையும், அதே ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயா வந்ததையும் நம் வாசகர் அறிவர். கோயிலுக்கு வெளியே எழுந்த கேள்விக்குக் கோயிலுக்குள்ளே விடை வரத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புனிதர் பெயரை முன்னே வைத்துச் சாதிப் பெயரைப் பின்னே வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உள. அவை முன்பெயரால் கொடுத்த வாக்கைப் பின்பெயரால் முறித்துக்கொள்கின்றன.

பதினைந்து வயதுப் பிள்ளை இத்துணைப் பெரிய வாக்கைக் கொடுப்பது எங்ஙனம் என்று சிலர் கேட்பர். தக்க கேள்வியே. ஆனால் பெயர் தரிப்பது 'யான் அவரைப் போன்றவன்' எனச் செருக்குவதன்று. 'யான் செல்லக் கருதும் திசை இது' எனக் காட்டுவதாம். அத்திசையை அறியாமல், ஒலியின் இனிமை கருதி மட்டும் பெயர் கொள்வது, ஊர் எதுவென்று கேளாமல் இரயிலின் அழகைப் பார்த்து ஏறுவது போலாகும். ஆதலின் பெற்றோர் பெயரைத் தேடித் தருமுன், அப்பெயருக்குரியவர் யாருக்காக நின்றார், எதனை இழந்தார் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுக. பின்னர்த் தேர்வைப் பிள்ளையிடமே விடுக.

இப்பெயரை மேற்றிராணியார் ஒரு முறை உரைப்பார். அதன் பின்னர் அடையாளக் கார்டிலும் பள்ளிப் பதிவிலும் அதற்கு இடமிராது. அண்டை வீட்டாரும் அதனைக் கூறி அழையார். அதனைக் காக்க வேண்டியவர் தரித்தவர் ஒருவரே.