வாசியில்லாத காசு: ஆன்மிகக் கேள்வி பதில்

? என் கணவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. மூன்று வருஷமாக அதே சம்பளம். வீட்டு வாடகை மட்டும் இரண்டு தடவை ஏறிவிட்டது. மாமியார் நூறு நாள் வேலைக்குப் போய் மளிகைச் செலவுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் மாநகராட்சியோடு சேர்ந்ததும் அதுவும் போயிற்று. அண்ணாமலையார் முன்னால் நின்றால் பணத்தைத்தான் கேட்கத் தோன்றுகிறது. "முக்தியைக் கேள், சம்பளத்தைக் கேட்காதே" என்கிறார் எங்கள் சத்சங்கத்துப் பெரியவர். நான் கேட்பது பாவமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, வேங்கிக்கால்

அந்தப் பெரியவருக்குப் பென்ஷன் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள் அம்மா. அகவிலைப்படியோடு மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறவர்களுக்கு முக்தியைப் பற்றி நல்ல தெளிவு இருக்கும். நானும் பென்ஷன் வாங்குகிறவன்தான், அந்தத் தெளிவு எப்படி வருகிறது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கென்று வந்த திட்டம். 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியானபோது அதில் சேர்த்த ஊர்களில் நம் வேங்கிக்காலும் ஒன்று. ஊருக்குப் பதவி உயர்வு, உங்கள் மாமியாருக்கு வேலை நீக்கம். கிராமமாகவே இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் கொட்டியிருக்காது. 2024-25-இல் 319 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த வருஷம் 336 ஆயிற்று. முழுசாகப் பதினேழு ரூபாய்.

கேட்பது பாவமா என்றால், திருஞானசம்பந்தர் கேட்டிருக்கிறார்.

திருவாரூர் மாவட்டத்தில் திருவீழிமிழலை என்று ஒரு தலம். சம்பந்தரும் அப்பரும் அடியார் கூட்டத்தோடு அங்கே தங்கியிருந்த சமயத்தில் பஞ்சம் வந்துவிட்டது. மழை இல்லை, விளைச்சல் இல்லை, அடியார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இறைவன் இருவர் கனவிலும் வந்தார். பஞ்சம் தீரும்வரை நாளுக்கு ஆளுக்கொரு பொற்காசு தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கிழக்கே ஒரு பீடம், மேற்கே ஒரு பீடம். தினமும் காலையில் காசு இருக்கும். அதைக் கொண்டுபோய் அரிசி, பருப்பு வாங்கி இரண்டு மடத்திலும் உலை வைப்பார்கள்.

அப்பர் மடத்தில் நேரத்துக்குப் பந்தி முடிந்துவிடுகிறது. சம்பந்தர் மடத்தில் மட்டும் தினமும் தாமதம், அடியார்கள் இலையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். என்ன விஷயம் என்று சமையல்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டார் சம்பந்தர். "அப்பர் சுவாமிகள் காசைக் கடைக்காரர்கள் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். நம்முடைய காசுக்கு வாசி கேட்கிறார்கள். பேசி முடித்துச் சாமான் வாங்கிவர நேரமாகிவிடுகிறது" என்றார்கள்.

வாசி என்றால் வட்டம். காசின் மாற்றில் குறை இருந்தால் அதற்காகக் கழித்துக்கொள்கிற வித்தியாசம். கொடுத்தவர் ஒரே சாமி, கொடுத்ததும் ஆளுக்கு ஒரே காசு. ஒன்றுக்கு முழுப்படி அரிசி கிடைக்கிறது, இன்னொன்றுக்குத் தலையைத் தட்டி அளக்கிறார்கள். உங்கள் கணவர் சம்பளக் கவரில் மூன்று வருஷமாக இருப்பது இந்த இரண்டாவது காசுதான். எண் மாறவில்லை, கடையில் நீட்டினால் வாசி பிடிக்கிறார்கள். விலைவாசி என்கிற சொல்லிலேயே அந்த வாசி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, பார்த்தீர்களா?

இரண்டு காசுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? அப்பர் உழவாரப்படையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர், உடம்பால் உழைத்தவர், ஆகவே அவருக்குக் கிடைத்தது கூலி, சம்பந்தர் மகன் முறை, மகனுக்குக் கொடுப்பது கைச்செலவுக் காசு என்று உபன்யாசகர்கள் சொல்வார்கள். எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்கும். வேர்வை சிந்தினவன் காசில் வாசி பிடிக்கக்கூடாது என்று சாமிக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே பல கல்லாப்பெட்டிகளுக்குத் தெரியவில்லை.

சரி, சம்பந்தர் என்ன செய்தார்? மூன்று வயதில் ஞானப்பால் குடித்தவர். 'எல்லாம் மாயை, தாமதமாகச் சாப்பிட்டால் என்ன' என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நேரே கோயிலுக்குப் போய், குறையில்லாத காசாகக் கொடுங்கள் என்று ஒரு பதிகமே பாடினார். முதல் திருமுறையில் இருக்கிறது. திருவிருக்குக்குறள் என்கிற அமைப்பு, துளித்துளியாக வரிகள், பத்து நிமிஷத்தில் மனப்பாடமாகிவிடும். மறுநாளிலிருந்து நல்ல காசு வந்தது. 'ஞானக் குழந்தை நீயா காசு கேட்கிறாய்' என்று சாமி முகம் சுளித்ததாகச் சேக்கிழார் எழுதவில்லை.

கேளுங்கள் தாயே, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஒன்று, சம்பந்தர் பக்கத்து ஊர்ச் சாமியிடம் போய் முறையிடவில்லை. காசு கொடுத்தவரிடமே போய்க் கேட்டார். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

? குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் குபேரக் காசு வாங்கிப் பணப்பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், வேலூர்

சேரும், விற்றவருக்கு.

? பத்து வருஷமாகப் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்கிறேன். இருந்தும் வியாபாரத்தில் பழைய பிடிப்பு இல்லை. கடைப் பையன்கள் ஆறு மாதம்கூட நிற்பதில்லை. ஏதாவது தோஷமா? பரிகாரம் உண்டா?
– கடை உரிமையாளர், திருவண்ணாமலை

தோஷம்தான். அது என்ன என்று கேள்வியின் மூன்றாவது வாக்கியத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருப்பீர்கள். நந்தியைப் பார்த்து, விமானத்தை அண்ணாந்து பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். அடுத்த தடவை கொஞ்சம் குனிந்து கல்வெட்டுகளைப் பாருங்கள். ராஜராஜன் அங்கே திருப்பதியம் பாட 48 பேரை வைத்தான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக ஐம்பது பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். அதை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதுகூட அங்கே இருக்கிறது. ஆடவல்லான் என்கிற மரக்கால், சாமி பெயர். யாரும் சின்ன மரக்காலைக் கொண்டுவந்து ஏமாற்ற முடியாது. நடனமாட வந்த நானூறு பெண்களுக்கு ஆளுக்கொரு வீடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும்.

நெல்லாக அளக்கிற சம்பளத்துக்கு வாசி ஏது? நெல் விலை இரண்டு மடங்கானால் சம்பளமும் தானே இரண்டு மடங்காகிவிடும். புள்ளிவிவரக்காரர்கள் விலைக் குறியீட்டெண் போட்டு, சர்க்கார் ஆறு மாதத்துக்கொரு முறை கணக்குப் பார்த்துப் படியை ஏற்றுகிற வேலையை அந்த மரக்கால் சத்தமில்லாமல் செய்துவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜா. உங்களைப் போல அவரும் பெரிய பக்தர்தான். என்ன, வேலைக்காரர் வயிறு நிறைந்த பிறகு பக்தி செய்தார்.

பரிகாரம் கேட்டீர்கள். அடுத்த பௌர்ணமிக்கு ஓர் அண்டா சாம்பார் சாதத்தைக் குறையுங்கள். அந்தப் பணம் பையன்கள் சம்பளத்தில் ஏறட்டும். அன்றைக்கு வருகிற பக்தர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், கவலைப்படாதீர்கள். பதினான்கு கிலோமீட்டரில் எட்டு லிங்கத்துக்கும் எட்டுத் தடவை சாப்பிடுகிறவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

? அட்சய திருதியைக்கு நகைக்கடன் வாங்கியாவது குண்டுமணித் தங்கம் வாங்கினால் வளரும் என்கிறாள் என் மனைவி.
– வாசகர், போளூர்

2025 ஜனவரியில் பவுன் அறுபதாயிரத்தைத் தாண்டியது, அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. அது வளர உங்கள் கடன் தேவைப்படவில்லை. இருக்கிற நகையை அடகு வைத்து இல்லாத நகையை வாங்கச் சொல்லி எந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை. அன்றைக்கு உப்பு வாங்கச் சொல்லுங்கள்.

? ஆரணியில் அரிசி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பி.எஃப். பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம். முப்பது வருஷமாக வீட்டில் தினமும் நெய்விளக்கு ஏற்றி வருகிறேன். இப்போது நெய் விலைக்கு முடியவில்லை. எண்ணெய்க்கு மாறினால் தெய்வக் குற்றமாகுமா?
– வாசகர், ஆரணி

ஐயா, அந்த ஆயிரம் ரூபாயைக் குறைந்தபட்சப் பென்ஷன் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். பத்து வருஷம் தாண்டியும் அது அசையவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் நெய் என்ன விலைக்குப் போயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் இருக்கிறது, உங்களிடத்தில் இல்லை.

கணம்புல்ல நாயனார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செல்வராக இருந்து விளக்கேற்றியே ஏழையானவர். சிதம்பரத்துக்கு வந்து கணம்புல்லை அரிந்து விற்று, அந்தக் காசில் நெய் வாங்கி எரித்தார். ஒருநாள் புல் விலை போகவில்லை. புல்லையே திரித்து எரித்தார். யாமம் முடியும்வரை அது போதாமல் தலைமுடியையே விளக்கில் மடுத்தார். இந்தக் கதையைப் படித்துவிட்டு யாரும் சீப்பைத் தேட வேண்டாம். உங்கள் வயதில் எரிக்கிற அளவுக்கு முடியும் இருக்காது. அவருக்கும் நெய் முதல், புல் பிறகு. கையில் இருப்பதை எரித்தார், சாமி ஏற்றுக்கொண்டார். அதுவரைக்கும் எடுத்துக்கொண்டால் போதும்.

நல்லெண்ணெய், ஒரு திரி, ஒரு நேரம். கார்த்திகைக்கு மலைமேல் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யில் தீபம் எரிகிறதே, அதில் உங்கள் முப்பது வருஷப் பாக்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது நெய் வாங்க முடிந்தால் ரசம் சாதத்தில் ஒரு சொட்டு விட்டுச் சாப்பிடுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

? கிரிவலம் வர எவ்வளவு செலவாகும்?
– வாசகர், சென்னை

செருப்புக்கூட வேண்டாம்.

? எந்தக் கிரகம் பெயர்ந்தால் விலைவாசி இறங்கும்? நவக்கிரகத்துக்கு என்ன செய்யலாம்?
– வாசகர், செங்கம்

இதற்கு ஆள் நம்மிடமே இருக்கிறார். அண்ணாமலையில் சமாதி கொண்டதாகச் சொல்லப்படும் இடைக்காட்டுச் சித்தர். ஆடு மேய்த்தவர். பன்னிரண்டு வருஷப் பஞ்சம் வரப்போகிறது என்று கிரக நிலையைப் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொண்டார். உடனே அர்ச்சனைச் சீட்டு வாங்க ஓடவில்லை. ஆடுகளுக்கு எருக்கந்தழை தின்னப் பழக்கினார். குருவரகு தானியத்தைச் சேற்றோடு குழைத்துக் குடிசைக்குச் சுவர் வைத்தார். ஊரார் சிரித்திருப்பார்கள்.

பஞ்சம் வந்தது. எருக்கு எந்தப் பஞ்சத்திலும் காயாது. தின்ற ஆடுகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சுவரில் போய் உரசும், வரகு உதிரும். அதைக் குத்தி ஆட்டுப்பாலில் காய்ச்சிக் குடித்துக்கொண்டு மனிதர் நிம்மதியாக இருந்தார். நாடே செத்துக்கிடக்க இவன் மட்டும் எப்படி என்று நவக்கிரகங்கள் பார்க்க வந்தன. அவற்றுக்கும் அந்தக் கஞ்சியைக் கொடுத்தார். உண்ட மயக்கத்தில் அவை படுத்துத் தூங்கியதும், மழை வருகிற நிலைக்கு ஒவ்வொன்றையும் இழுத்துப் போட்டார். கண்விழிக்குமுன் மழை கொட்டியது.

கிரகத்தை நகர்த்த உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. எருக்கு தின்னப் பழக்குவது முடியும். ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ முப்பது ரூபாய், பாமாயில் இருபத்தைந்து. இலவச அரிசியை வாங்கிக் கைமாற்றிவிட்டுக் கடனுக்குப் பொன்னி வாங்குகிற வீடுகள் என் தெருவிலேயே இருக்கின்றன. கேட்டால், ரேஷன் அரிசியில் சோறு பொங்கினால் கௌரவக் குறைச்சலாம். சித்தர் ஆடுகளுக்கு அந்தக் கௌரவம் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

? பூக்காரம்மா முழத்தைக் குறைத்து அளக்கிறாள். சாமிக்கு வாங்கும் பூவில் ஏமாற்றினால் பாவம் அவளுக்கா, வாங்கிச் சாத்துகிற எனக்கா?
– வாசகி, திருவண்ணாமலை

வேலூர் ரோட்டில் எனக்குப் பூ கொடுக்கிற அம்மாளும் அப்படித்தான். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். போன கார்த்திகைவரை விரலை நீட்டி அளந்தவர், இப்போது விரலை மடக்கி, மடங்கிய முட்டியோடு நிறுத்திவிடுகிறார். சரத்தில் நான்கு பூ குறையும். ஒருநாள் கேட்டேவிட்டேன். "விலையை ஏத்திச் சொன்னா அப்படியே போயிடறாங்க சாமி. விரலை மடக்கினா வாங்கிக்கிறாங்க" என்றார்.

மார்க்கெட்டில் அவருக்குப் பிடித்த வாசியை அவர் நம்மிடம் பிடிக்கிறார். பாவத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரிடமேதான் வாங்குகிறேன். சரம் சாமி படத்துக்கு ஒரு பக்கம் எட்டுவதில்லை. ஆணியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடித்துவிட்டேன்.