மறுபிறப்பும் மனச்சான்றும்

நிக்கொதேமுவிடம் இயேசுபெருமான் பேசிய மறுபிறப்பு, உடலின் பிறப்பன்று. உள்ளத்தின் பிறப்பே என்பர் கிறித்தவர். அஃது ஒரு நொடியில் நிறைவுறுவதோ?

ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன் 1748இல் கடற்புயலில் சிக்கி இறைவன்பால் திரும்பினார். எனினும், அதன் பின்னரே அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராகி, 1754 வரை அத்தொழிலை நடத்தினார். 1764இல் திருச்சபைக் குருவானார். பிறர் மனந்திரும்பப் பல்லாண்டு போதித்தார். தம் பழந்தொழிலின் கொடுமையை ஒப்புக்கொண்டு நூல் வெளியிட்டதோ 1788இல்தான். புயலுக்கும் நூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்!

இதனால் அவர்தம் மனமாற்றம் பொய்யென்று கொள்ளற்க. விதை முளைத்தது ஒருநாள்; கனிந்தது நெடுநாள் கழித்து. ஆயினும், அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தோர் விலங்கிடப்பட்ட ஆப்பிரிக்க மக்களே. எனவே, பிறரைத் திருத்தப் புகுவோர் போதனையை முதற்கண் தம் செவிக்கே சொல்லிக்கொள்ளல் வேண்டும். தன் குற்றத்தை உலகறிய ஒப்புக்கொண்டு, அதனைக் களைய முற்படும்போதே ஒருவனது மறுபிறப்பு மெய்யாகிறது.