மன்றின் மௌனம் அறமாமோ?

வழக்கைக் கேட்டுத் தீர்ப்பளித்தல் மன்றினர்க்குக் கடன் என்பதை யாவரும் அறிவர். வந்த வழக்கின் உயிர்நிலையாகிய வினாவை விடுத்துப் பிறிதொரு நியாயத்தால் அதனை முடித்தல் அக்கடனை நிறைவேற்றியதாகுமோ? சைவாசிரியர்களாகிய அன்பர்களோடு நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது இதுவேயாம்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றனையே இலங்கையின் அரசகரும மொழியாக்கிற்று. 1961இல் திறைசேரி விடுத்த சுற்றறிக்கையின்படி, சிங்களத் தேர்ச்சி பெறாத எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்கு 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றை அடைந்தார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவோ, பிற இனத்தார்க்கு இல்லாத தடையை ஓரினத்தார்க்கு விதிக்குஞ் சட்டம் செல்லாது என்றது. நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர் அவ்வினாவை நேர்நின்று ஆராய்ந்து, மொழிச் சட்டம் அப்பிரிவுக்கு மாறாகலின் செல்லாதென 1964இல் தீர்த்தார்.

அரசாங்கம் மேன்முறையிட்டது. அரசாங்க ஊழியர் சம்பளம் வேண்டி முடியின்மீது வழக்கிடல் ஆகாது என்னும் நியாயத்தைக் கொண்டு உயர் நீதிமன்றம் 1967இல் அத்தீர்ப்பை மாற்றிற்று. சட்டம் செல்லுமோ என்பதில் அது புகவில்லை. வேண்டாத வினாவுக்கு விடைகூறாமை நீதிபதிக்கு அடக்கமன்றோ எனின், ஆம், அடக்கமே. அரசியலமைப்பு வினாவை இன்றியமையாதவழியன்றித் தொடாமை நல்ல மரபென்பதை நாமும் மறுக்கிலோம். ஆயின் அவ்வடக்கம், சார்ந்து நின்ற நியாயம் உறுதியாயின் மட்டுமே பொருந்தும். 1969இல் கோமறைக் கழகம், டிப்ளொக் பிரபு வாயிலாக, ஊழியர் தாம் உழைத்த சம்பளத்துக்கு வழக்கிடலாம் எனக் கூறி அந்நியாயத்தைத் தகர்த்தது. எனினும் மூலவினாவைத் தானும் தீராது, உள்நாட்டு நீதிபதியர் கருத்தை முன்னர் அறிதல் நன்றென்று உயர் நீதிமன்றுக்கே திருப்பிற்று. இது தவறென்று சொல்ல நாம் துணியோம். காலம் இடங்கொடுக்கும் என்று கருதியிருப்பர் போலும். காலமோ இடங்கொடுத்திலது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பிலே 29ஆம் பிரிவே இல்லை.

திருவெண்ணெய்நல்லூர்ச் சபையை ஈண்டு நினைமின். அந்தணன் அந்தணனுக்கு அடிமையாதல் உலகில் இல்லை என்று கூறி, முதியவரை வாயிலிலேயே திருப்பிவிட அச்சபையார்க்கு வழியிருந்தது. அவ்வாறு சொல்லியும் அவர் அங்கே நின்றுவிடவில்லை. சான்று கேட்டனர், மூல ஓலையை வாங்கினர், பாட்டனார் கையெழுத்தோடு ஒப்புநோக்கினர். விடை தம் விருப்பத்துக்கு மாறாய் வந்தபோதும் அதனையே கூறினர். தர்மபுரம் முதலிய வன்னியூர்ப் பாடசாலைகளில் தடுத்தாட்கொண்ட புராணம் கற்பிப்போர், குடியியற் பாடத்திற் கோடீஸ்வரன் வழக்கையும் உடன்வைத்துக் கற்பித்தல் நன்று.

1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாம் என்றது. அது பாராளுமன்றம் செய்தது. மாவட்ட நீதிபதி ஒருவர் 1964இல் விடையிறுத்த வினாவுக்கு, அவர்க்கு மேற்பட்ட எம்மன்றும் ஆமென்றேனும் அன்றென்றேனும் இன்றுவரை கூறிற்றிலது.